ஒத்துப் பார்க்கும் நாள்

சாட்சிகள் மூன்று பேர் ஒரே வார்த்தையைச் சொல்லிவிட்டால் அது உண்மையாகத்தான் இருக்கும் என்று நாம் எல்லோரும் நம்புகிறோம். கோர்ட்டிலும் நம்புகிறார்கள், கல்யாணப் பேச்சிலும் நம்புகிறார்கள். போன மார்கழி மாதம் வேடசந்தூருக்குப் போகும் வரையில் நானும் அப்படித்தான் நம்பிக் கொண்டிருந்தேன்.

என் அக்காள் வீடு அங்கே இருக்கிறது. திண்டுக்கல்லிலிருந்து கரூர் போகும் சாலையில் உள்ள ஊர். வானம் பார்த்த பூமி. புகையிலைக்கும் நூற்பாலைகளுக்கும் பேர்போன பிரதேசம். அக்காள் மகன் அந்த ஆலைகளில் ஒன்றில் கம்ப்யூட்டர் கணக்குகளைக் கவனித்துக் கொள்கிறான். நான் போய் இறங்கிய அன்று மாலை, திண்ணையில் உட்கார்ந்து காபி சாப்பிட்டுக் கொண்டிருந்தபோது, ஆலையில் வேலை செய்யும் ஓர் அம்மாள் வாசலில் வந்து நின்றாள். நாற்பது வயது இருக்கும். கையில் மடித்து மடித்துக் கசங்கிப் போன ஒரு நோட்டுப் புத்தகம்.

"சார், வாங்கின முன்பணம் ஆறாயிரத்தையும் மாசம் ஆயிரமா ஆறு மாசத்திலே கட்டித் தீர்த்துட்டேன். ஐப்பசிச் சம்பளத்தோட தீர்ந்து போச்சு. இப்போ மறுபடியும் ஆயிரம் பிடிச்சிருக்காங்க" என்றாள்.

பையன் மடியில் வைத்திருந்த கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்தான். "நம்மகிட்ட மூணு மெஷின் இருக்கு அக்கா. மூணுமே ஆயிரம் பாக்கி இருந்ததுன்னுதான் சொல்லுது" என்றான்.

"மெஷின் மூணு இருந்தா என்ன சார், பணத்தைக் கட்டினவ நான் ஒருத்திதானே?" என்று கேட்டுவிட்டு, நோட்டுப் புத்தகத்தைப் பிரித்து நீட்டினாள். ஆறு வரிகள். ஒவ்வொரு வரிக்கும் எதிரே மேஸ்திரியின் சுருக்கொப்பம். ஆறாவது வரியின் கீழே 'தீர்ந்தது' என்று அவளே எழுதி இரண்டு கோடு இழுத்திருந்தாள்.

பையனுடைய முகம் மாறிவிட்டது. நல்ல பையன். மூன்று கம்ப்யூட்டர்கள் ஒரு பக்கம், இரண்டு கோடு இழுத்த ஒரு நோட்டுப் புத்தகம் மறு பக்கம். எது பொய்? "நாளைக்குச் சாயங்காலம் வாங்க அக்கா, பார்த்துச் சொல்றேன்" என்று அனுப்பி வைத்தான். இரவு முழுவதும் அவன் தூங்கவில்லை. அவன் தூங்காததால் நானும் தூங்கவில்லை. அந்த இரவில் அவன் எனக்குச் சொன்னதும், அதைக் கேட்டு எனக்கு ஞாபகம் வந்த பழைய சங்கதிகளுமே இந்தக் கட்டுரை.

மூன்று கம்ப்யூட்டர்கள் எதற்கு என்று முதலில் கேட்டேன். "ஒண்ணு கெட்டுப் போனாலும் கணக்கு கெட்டுப் போகாம இருக்கத்தான் மாமா" என்றான். ஆலையில் ஒன்று, எரியோட்டுக் கிடங்கில் ஒன்று, திண்டுக்கல் ஆபீஸில் ஒன்று. எந்தக் கணக்கை எழுதினாலும் மூன்றிலும் ஒவ்வொரு பிரதி சேர்ந்துவிடும். ஒன்றில் இடி விழுந்தால் மற்ற இரண்டு இருக்கின்றன.

இது ஒன்றும் அமெரிக்காவில் பிறந்த புது வித்தை அல்ல. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் சோழ ராஜாக்கள் செய்த காரியந்தான். நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிஜயத்து அரசர் எழுப்பிய பௌத்த விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்ற கிராமத்தை முதலாம் ராஜராஜன் தன் 21-ஆம் ஆட்சி வருஷத்தில் தானமாகக் கொடுத்தான். அதை எழுதிய செப்பேடுகள் பிற்காலத்தில் நெதர்லாந்து தேசத்து லெய்டன் நகரத்துக்குப் போய்ச் சேர்ந்ததால் அவற்றுக்கு லெய்டன் செப்பேடுகள் என்றே பெயர் வந்துவிட்டது. மொத்தம் 21 ஏடுகள்.

அந்தத் தானம் பதிவான விதத்தைப் பாருங்கள். அரசன் வாய்மொழியாகச் சொன்னதை ஓலை எழுதுகிறவன் எழுதுகிறான். ஓலைநாயகம் என்ற மேலதிகாரி அதை ஒப்புக் கொள்கிறான். பிறகு வரிக் கணக்கு அதிகாரிகள் கூடித் தங்கள் புத்தகத்தில் பதிகிறார்கள். நாட்டார்கள் முன்னிலையில் பெண் யானை ஒன்றை எல்லையைச் சுற்றி நடத்தி, கல்லும் கள்ளியும் நடுகிறார்கள். கடைசியில், மகன் ராஜேந்திரன் காலத்தில் எல்லாவற்றையும் செம்பில் வெட்டித் தானம் பெற்றவரிடம் கொடுக்கிறார்கள். அரசாங்கத்தின் ஓலையில் ஒரு பிரதி. பெற்றவர் கையில் செம்பில் ஒரு பிரதி. ஊரார் கண்ணில் யானை நடந்த தடம் ஒரு பிரதி. கோயில் தானமாக இருந்தால் சுவரில் கல்லெழுத்தாக இன்னொன்று. கரையானுக்கு ஓலை இரையாகும். திருடனுக்குச் செம்பு இரையாகும். இரண்டுக்கும் பயப்படாத கல்லையோ நகர்த்த முடியாது. ஒன்றின் பலவீனம் மற்றொன்றுக்கு இல்லாதபடி பார்த்துச் செய்திருக்கிறார்கள்.

அந்தக் கல்லுக்கும் ஆயுள் உண்டு. செம்பியன் மாதேவியார் காவிரிக்கரைத் திருக்கோடிகாவில் கோயிலைக் கற்றளியாகக் கட்டுவித்தபோது, பழைய கோயிலில் இருந்த சாசனங்களைப் படித்து, புதுச் சுவரில் மறுபடி வெட்டி வைத்தார்கள். பழையதை இடிக்கு முன் புதியதில் எழுது என்பது அந்த அம்மையாருக்குத் தெரிந்திருந்தது.

பிரதி ஒரே இடத்தில் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கும் நம்மிடம் உதாரணம் இருக்கிறது. சொல்வதற்குத்தான் மனம் வரவில்லை. 1981-ஆம் வருஷம் ஜூன் மாதம் பிறந்த இரவில் யாழ்ப்பாணப் பொது நூலகத்தை எரித்தார்கள். ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச் சுவடிகளும் சாம்பலாயின. அச்சான புத்தகத்துக்கு வேறெங்கோ ஒரு தோழன் இருப்பான். தோழனில்லாத ஏடு போனால் போனதுதான்.

"அப்போ மூணு பிரதி வெச்சது சரிதானே மாமா?" என்றான் பையன். சரிதான். ஆனால் மூன்று பிரதி என்றவுடன் மூன்று தொல்லையும் கூடவே வருகின்றன.

ஆறு வாரத்துக்கு முன்னால் அவனுக்கு ஏற்பட்ட தொல்லை வேறு மாதிரி. ஒரு தொழிலாளி எத்தனை நாள் இரவு ஷிப்டு பார்த்தார் என்று கேட்டால் கம்ப்யூட்டர் ஒரு தடவை ஒன்பது என்கும்; மறு தடவை பதினொன்று என்கும். காரணத்தை அவனே கண்டுபிடித்தான். மூன்றில் ஏதாவது ஒரு மெஷின் 'எழுதிக் கொண்டேன்' என்று சொன்னாலே போதும், கணக்கு பதிவானதாக எடுத்துக் கொள் என்று வைத்திருந்தார்கள். படிக்கும்போதும் ஏதாவது ஒன்றைக் கேட்டால் போதும் என்று வைத்திருந்தார்கள். எழுதினது திண்டுக்கல்லில், கேட்டது எரியோட்டில் என்றால் பதில் எப்படிச் சரியாக இருக்கும்?

இதற்கு மருந்தை டேவிட் கிஃபோர்டு என்பவர் 1979-லேயே ஒரு கட்டுரையில் எழுதி வைத்துவிட்டார். பிரதிகளுக்கு ஓட்டுரிமை கொடு என்றார் அவர். மூன்று பிரதிகளில் இரண்டாவது ஒப்புக் கொண்டால்தான் எழுதினதாகக் கணக்கு. இரண்டைக் கேட்டுத்தான் பதில். எழுதின இரண்டும் கேட்கிற இரண்டும் சேர்ந்தால் நாலு. இருப்பதோ மூன்று. ஆகவே புதுக் கணக்கை அறிந்த ஒன்றாவது கேட்கப்படுகிறவற்றில் அகப்பட்டே தீரும். எட்டாம் வகுப்புப் பையனுக்குப் புரிகிற கணக்கு. உலகத்துப் பெரிய வியாபாரங்கள் பல இதன்மேல் நடக்கின்றன.

இதே வழியில் வந்த இன்னொருவர் கதை என்னைப் போன்ற கதைக்காரனுக்கு ரொம்பப் பிடித்தது. லெஸ்லி லாம்போர்ட் என்ற அமெரிக்க விஞ்ஞானி, பல கம்ப்யூட்டர்கள் ஒரு முடிவுக்கு வருவது எப்படி என்பதைக் கணிதமாக எழுதாமல் கதையாக எழுதினார். பாக்ஸோஸ் என்ற கிரேக்கத் தீவில் ஒரு சட்டசபை. அங்கத்தினர்கள் சொந்த வியாபாரத்தைக் கவனிக்க அடிக்கடி எழுந்து போய்விடுவார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு பேரேடு, அழியாத மை. இவர்களை வைத்துக் கொண்டு முரண்படாத சட்டம் இயற்றுவது எப்படி? 1990-ல் அனுப்பிய அந்தக் கட்டுரை 1998-ல்தான் அச்சேறியது. கதை எழுதினால் கிடப்பில் போடுவது நமக்கு மட்டும் நேர்கிற துர்ப்பாக்கியம் இல்லை என்று ஆறுதல் கொண்டேன். ஆனால் அவருக்கு 2013-ஆம் வருஷத்து டூரிங் பரிசு கிடைத்தது. நமக்கு அது இல்லை.

பையனும் 'இரண்டு பேர் ஒப்புக் கொள்ள வேண்டும்' என்று மாற்றிவிட்டான். அன்றிலிருந்து கம்ப்யூட்டர் ஒரே பதிலைச் சொல்லத் தொடங்கிற்று. அவனுக்குச் சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தின் நடுவிலேதான் அந்த அம்மாள் நோட்டுப் புத்தகத்தோடு வந்து நின்றாள். முன்பு மெஷின்கள் வேறுவேறாகச் சொன்னபோது பிசகு வெளியே தெரிந்தது. இப்போது ஒற்றுமையாகச் சொன்னதால் பிசகு மறைந்துவிட்டது.

ஏடு பார்த்துப் பதிப்பித்தவர்களுக்கு இந்த ஆபத்து நன்றாகத் தெரியும். கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த உ. வே. சாமிநாதையரை 1880-ல் சேலம் இராமசுவாமி முதலியார் சீவக சிந்தாமணியின் பக்கம் திருப்பிவிட்டார். அதை ஐயர் 1887-ல் அச்சிட்டார். புறநானூற்றை 1894-ல் அச்சிட்டார். ஊர் ஊராக அலைந்து ஏடு தேடினார். ஒரு ஏடு கிடைத்தபின் இன்னொன்று எதற்கு என்று அவர் இருந்துவிடவில்லை. ஒன்றில் விட்டுப் போனது மற்றொன்றில் இருக்கும். ஆனால் பத்து ஏட்டில் ஒரே பாடம் இருந்துவிட்டால் மட்டும் அது சரியான பாடம் ஆகிவிடாது. ஒரு தாய் ஏட்டில் எழுதினவன் கண் அயர்ந்து ஓர் எழுத்தைப் பிசகியிருப்பான். அதைப் பார்த்து ஒன்பது பேர் எழுதியிருப்பார்கள். பத்துச் சாட்சி என்று நினைப்போம். உண்மையில் சாட்சி ஒன்றுதான், மற்றவை எதிரொலி. ஏடுகளை எண்ணிப் பார்த்தால் போதாது; எது எதைப் பார்த்து எழுதப்பட்டது என்றும் பார்க்க வேண்டும்.

நடு இரவுக்குமேல் பையன் அதைத்தான் பார்க்கத் தொடங்கினான். கடைசியில் 'அகப்பட்டது மாமா' என்றான். அகப்பட்டது ஒரு பிசாசு.

அவர்கள் கணக்கு வைத்திருக்கும் ஏற்பாட்டுக்குக் கஸ்ஸாண்ட்ரா என்று பெயர். பேஸ்புக் கம்பெனிக்காரர்கள் செய்து 2008-ல் எல்லோருக்கும் பொதுவாக்கியது. டிராய் நகரத்து அரசகுமாரியின் பெயர் அது. நடக்கப் போவதை அவள் சரியாகச் சொல்வாள். ஆனால் ஒருவரும் நம்பமாட்டார்கள் என்பது அவளுக்குக் கிடைத்த சாபம். கணக்குப் புத்தகத்துக்கு இந்தப் பெயரை வைக்க ஒரு துணிச்சல் வேண்டும்.

அதில் ஒரு கணக்கை அழிக்கும்போது உடனே துடைத்துவிடுவதில்லை. 'இது இறந்துவிட்டது' என்று ஓர் அடையாளம் வைக்கிறார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் கல்லறைக் கல். இல்லாவிட்டால் அந்தச் சமயம் ஊரில் இல்லாத மெஷினுக்கு, ஒன்று இறந்துபோன சமாசாரமே தெரியாது. ஆனால் கல் என்றென்றும் நிற்பதில்லை. மாற்றாமல் விட்டால் பத்து நாள். அதற்குமேல் கணக்கையும் கல்லையும் சேர்த்து அப்புறப்படுத்தலாம். நம்மில் சிலர் வீடுகளில் முதல் நாள் கல் ஊன்றிப் பத்தாம் நாள் எடுத்துவிடுகிற வழக்கம் உண்டல்லவா? அதே கணக்கு! எங்கள் தமிழ்நாட்டுப் புரோகிதர் யாரோ கலிபோர்னியாவுக்குப் போயிருக்க வேண்டும் என்று சொன்னேன். பையன் சிரிக்கவில்லை. சிரிக்கிற நிலையில் அவன் இல்லை.

ஐப்பசி மழையில் எரியோட்டுக் கிடங்கின் மெஷின் பழுதாகிவிட்டது. பதினாலு நாள் கிடந்தது. ஊரில் இல்லாத மெஷினுக்காக மற்றவை சேதியைக் குறித்து வைப்பது வழக்கம். ஆனால் அப்படிக் குறிப்பதும் முதல் மூன்று மணி நேரத்துக்குத்தான். அது பழுதான இரண்டாம் நாள் அந்த அம்மாளின் கடைசித் தவணை தீர்ந்து, முன்பணக் கணக்கு அழிக்கப்பட்டது. ஆலையிலும் திண்டுக்கல்லிலும் கல் ஊன்றியாயிற்று. பத்து நாள் கழித்துக் கல்லையும் எடுத்தாயிற்று. பதினைந்தாம் நாள் எரியோடு கண் விழித்தது. அதன் ஞாபகத்தில் 'ஆயிரம் பாக்கி' அப்படியே இருந்தது.

இப்போது மற்ற இரண்டும் என்ன செய்யும்? 'இது செத்துப் போன கணக்கு' என்று சொல்ல அவற்றிடம் கல் இல்லை. வெறும் வெற்றிடந்தான் இருக்கிறது. ஒருவனிடம் ஒரு கணக்கு இருக்கிறது, மற்ற இருவரிடமும் ஒன்றுமில்லை என்றால், அந்த இருவரும் எழுதாமல் விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது என்றுதான் ஏற்பாடு நினைத்துக் கொள்ளும். நினைத்து, உபகாரமாக, அந்த இரண்டிலும் அதை எழுதி வைத்துவிடும். அப்படித்தான் செத்த கடன் எழுந்து வந்து மூன்று மெஷின்களிலும் உட்கார்ந்து கொண்டது. இரண்டு பேரைக் கேட்டாலும் மூன்று பேரைக் கேட்டாலும் ஒரே பதில். எல்லாம் எரியோட்டின் எதிரொலி.

"இதுக்கு மருந்தே இல்லையா?" என்று கேட்டேன்.

"இருக்கு மாமா. பத்து நாளைக்குள்ளே ஒரு தடவை மூணையும் பக்கத்திலே பக்கத்திலே வெச்சு ஒத்துப் பார்க்கச் சொல்லணும். அதுக்குக் கட்டளை இருக்கு. யாரும் போடலை. பத்து நாளைக்கு மேல ஊர்ல இல்லாத மெஷினை அப்படியே உள்ளே விடவும் கூடாது. வெறுமையாக்கி, மத்த ரெண்டையும் பார்த்துப் புதுசா எழுத வெக்கணும். அதையும் யாரும் செய்யலை."

இதைக் கேட்டதும் எனக்கு ஜமாபந்தி ஞாபகம் வந்தது. திண்டுக்கல் சீமை 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்புவிடமிருந்து கும்பெனியார் கைக்கு வந்தது. அதே சமயத்தில் வந்த பாராமகாலில் ரீடு துரையின் கீழ் வேலை பார்த்த தாமஸ் மன்றோ, பிற்பாடு 1820 முதல் 1827 வரை சென்னைக்குக் கவர்னராக இருந்தார். ரயத்துவாரி முறை என்றால் அவர் பெயர்தான் முதலில் நினைவுக்கு வரும். இடையில் ஜமீன்தார் இல்லாமல் சர்க்காரும் குடியானவனும் நேருக்கு நேர். அப்படியானால் ஆயிரக்கணக்கான கிராமங்களில் லட்சக்கணக்கான துண்டு நிலங்களுக்குக் கணக்கு வேண்டும். அந்தக் கணக்கு கிராமத்துக் கர்ணத்திடம் ஒன்று, தாலுகாவில் ஒன்று என்று இருந்தாக வேண்டும். இரண்டும் ஒத்துப் போக வேண்டும்.

அதற்குத்தான் வருஷத்துக்கு ஒரு முறை ஜமாபந்தி. பசலி என்று ஒரு வருஷக் கணக்கு இன்றும் வருவாய்த் துறையில் வழங்குகிறது. ஜூலை 1-ஆம் தேதி பிறந்து ஜூன் 30-ஆம் தேதி முடியும். ஜூலை பிறக்கும் ஆங்கில வருஷத்திலிருந்து 590-ஐக் கழித்தால் பசலி. அது முடிகிற சமயத்தில், வைகாசி ஆனி வெயிலில், தாலுகா ஆபீஸில் பந்தல் போட்டு, பிர்க்கா பிர்க்காவாகக் கிராமக் கணக்குகளை வரவழைப்பார்கள். வேடசந்தூரிலும் அப்படித்தான். கலெக்டரோ அவருக்கு அடுத்த நிலையில் உள்ள அதிகாரியோ உட்கார்ந்து சரிபார்த்துக் கையெழுத்திடுவார். கணக்கோடு நில அளவைச் சங்கிலியையும் எடுத்து வந்து சரிபார்ப்பார்கள். கணக்கு சரியாக இருந்து அளவுகோல் நீண்டிருந்தால் என்ன பிரயோசனம்?

கிராமக் கணக்கில் இன்னொரு தந்திரமும் உண்டு. 'அ' பதிவேடு சர்வே எண் வரிசையில் இருக்கும். சிட்டா ஆள் வரிசையில் இருக்கும். எந்த வயலில் என்ன விளைந்தது என்பதை அடங்கல் சொல்லும். ஒரே சங்கதியை வேறு வேறு வரிசையில் எழுதினால், ஒன்றைப் பார்த்து மற்றொன்றைக் கண்ணை மூடிக் கொண்டு எழுதிவிட முடியாது. கூட்டித் தொகை ஒத்து வர வேண்டும். எதிரொலியைச் சாட்சியாக்காமல் இருக்க அது ஓர் உபாயம்.

பத்திரப் பதிவிலும் இதே கவலைதான். 1908-ஆம் வருஷத்துப் பதிவுச் சட்டப்படி, பத்திரத்தைச் சார்பதிவாளர் தம் புத்தகத்தில் படியெடுத்துக் கொண்டு அசலை உடையவரிடம் திருப்பிக் கொடுக்கிறார். நிலத்தில் ஒரு பகுதி இன்னொரு சார்பதிவாளர் எல்லையில் இருந்தால், அவருக்கும் ஒரு குறிப்பு எழுதி அனுப்ப வேண்டும். அவர் அதைத் தம் புத்தகத்தில் கோத்து வைக்க வேண்டும். நிலம் எங்கெங்கே கால் நீட்டியிருக்கிறதோ அங்கெல்லாம் சேதியும் போக வேண்டும் என்று சட்டமே சொல்கிறது.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஜமாபந்திக்குக் குடியானவன் பட்டாவைத் துணியில் சுற்றிக் கொண்டு நேரே வரலாம், மனுக் கொடுக்கலாம். கர்ணத்தின் கணக்கும் தாலுகாக் கணக்கும் ஒத்துப் போய், இரண்டும் பிசகாக இருந்தால், அதைச் சொல்ல மூன்றாவது ஆள் அவன்தான். அவன் கையில் உள்ள காகிதம் சர்க்கார் அலமாரியில் இருந்து எட்டிப் பார்த்து எழுதியது அல்ல. அவன் உழுத நிலத்தோடு தினமும் ஒத்துப் பார்க்கப்பட்டது. 1980-ல் பரம்பரைக் கர்ணங்களும் மணியக்காரர்களும் போய், கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள். பிறகு காகிதம் போய்க் கம்ப்யூட்டரும் வந்தது. இத்தனை மாறியும் ஜமாபந்தி மட்டும் நிற்கவில்லை. அதன் அருமை அதைவிட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

விடியற்காலை நாலு மணிக்குப் பையன் எரியோட்டு மெஷினை வெறுமையாக்க உட்கார்ந்தான். இங்கிருந்தே கட்டளை போடலாமாம். அவன் அந்த மெஷினின் பெயரை வாய்விட்டு மூன்று தடவை படித்தான். பிறகு என்னையும் படிக்கச் சொன்னான்.

"எதுக்கப்பா இவ்வளவு?" என்றேன். அப்போது சொன்ன கதை, வேலையை அறிந்த எவனையும் நடுங்க வைக்கும். கிட்லேப் என்ற கம்பெனி, உலகத்துப் புரோகிராம்காரர்களின் வேலைகளைக் காப்பாற்றி வைக்கிற இடம். 2017-ஆம் வருஷம் ஜனவரி 31-ஆம் தேதி அங்கே பிரதிக் கம்ப்யூட்டர் அசலைவிடப் பின்தங்கிவிட்டது. புதிதாகப் படியெடுக்கப் பார்த்தார்கள். படியெடுப்பு தொடங்கவே மறுத்தது. ஒரு எண்ணைக் கூட்டினார்கள். எட்டாயிரம் என்றிருந்த இன்னொரு எண்ணை இரண்டாயிரமாகக் குறைத்தார்கள். அப்படியும் நகரவில்லை. பிரதியில் உள்ள பழைய மிச்சந்தான் தடுக்கிறது போலிருக்கிறது என்று ஒரு எஞ்சினியர் அதைத் துடைத்தார். ஒன்றிரண்டு விநாடிக்குள் புரிந்துவிட்டது, துடைத்தது பிரதியை அல்ல, அசலை என்று. முந்நூறு ஜிகாபைட்டில் நாலரைதான் மிஞ்சிற்று.

அவர்களிடம் வேறு காப்புப் பிரதிகள் இல்லையா? ஏற்பாடுகள் ஒன்றுக்கு நாலாய் இருந்தன. தினசரிப் படி எடுக்கிற ஏற்பாடு, பதிப்பு பொருந்தாததால் நெடுநாளாகவே ஒன்றும் எடுக்காமல் இருந்தது. அதைச் சொல்லும் எச்சரிக்கைக் கடிதங்களோ போய்ச் சேராமல் திருப்பப்பட்டுக் கொண்டிருந்தன. ஒருவரும் திறந்து பார்க்கவில்லை. அதே எஞ்சினியர் ஆறு மணி நேரத்துக்கு முன் வேறு காரியத்துக்காகத் தற்செயலாய் எடுத்திருந்த ஒரு படிதான் கம்பெனியைக் காப்பாற்றிற்று. அந்த ஆறு மணி நேரத்துக் கணக்கு மட்டும் போனது போனதுதான். கம்பெனியார் ஒன்றையும் மறைக்கவில்லை. ஒரு ஆளின் தலையில் பழியைப் போடவும் இல்லை. நடந்ததை வரிக்கு வரி எழுதி ஊருக்குச் சொன்னார்கள். அதனால்தான் வேடசந்தூர்ப் பையன் ஒருவன் மெஷினின் பெயரை மூன்று தடவை படிக்கிறான்.

மாற்று இருக்கிறது என்ற தைரியத்தைப் பற்றி அந்த ஊருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. 1977-ல் குடகனாற்று அணை உடைந்தது. வெள்ளம் ஏறிக் கொண்டிருந்தபோது மின்சாரம் நின்று போனதால் மதகுகளைப் பாதிதான் தூக்க முடிந்தது. மாற்று ஜெனரேட்டரைக் கொண்டு ஓட்டிப் பார்த்தார்கள், உதவவில்லை. கையாலும் தூக்கிப் பார்த்தார்கள். தண்ணீர் கரைக்கு மேலாக ஏறி வழிந்து, பல இடங்களில் அணையை அறுத்துவிட்டது. ஆட்கள் தங்களால் ஆனதைச் செய்யாமல் இல்லை. மாற்று என்பது தண்ணீர் ஏறுமுன் கை கொடுக்க வேண்டும். ஏறின பின் வந்தால் அது வெறும் இரும்புதான்.

பொழுது விடிவதற்குள் எரியோட்டு மெஷின் மற்ற இரண்டையும் பார்த்துப் புதிதாக எழுதி முடித்துவிட்டது. ஆனால் அந்த இரண்டிலும்தான் பிசாசு புகுந்துவிட்டதே! அதை ஓட்டக் கம்ப்யூட்டரில் மந்திரம் இல்லை. எரியோடு கண் விழித்த நாளுக்குப் பிறகு உயிர் பெற்ற கணக்குகள் எவை என்று, மேஸ்திரிகளின் காகிதங்களையும் தொழிலாளிகளின் நோட்டுகளையும் வைத்து ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டியிருந்தது. அவனுக்கு நாலு நாள் பிடித்தது. அந்த அம்மாளைப் போல் இன்னும் சிலர் இருந்தார்கள். அவர்கள் கேட்கவில்லை. மூன்று மெஷின்கள் சொல்லும்போது நாம்தான் மறந்திருப்போம் என்று பேசாமல் இருந்துவிட்டார்கள்.

இதுதான் என் மனத்தை உறுத்திற்று. பிரதி எடுப்பது பாதி வேலை; ஒத்துப் பார்ப்பது மறு பாதி. முதல் பாதிக்கு யந்திரம் போதும். இரண்டாம் பாதிக்கு, எந்த மனுஷனைப் பற்றிய கணக்கோ அந்த மனுஷன் கையில் ஒரு பிரதி வேண்டும். அதை அவன் கொண்டு வந்து காட்ட ஒரு நாளும் வேண்டும். ராஜேந்திரன் செம்பில் வெட்டிக் கொடுத்ததும், சர்க்கார் பட்டாவாகக் கொடுத்ததும் தயாளத்தினால் மட்டும் அல்ல. அலமாரியில் இருக்கிற கணக்கு தனக்குத்தானே சாட்சி ஆக முடியாது என்று தெரிந்துதான் கொடுத்தார்கள்.

பையன் இரண்டு காரியம் செய்தான். ஞாயிற்றுக்கிழமைதோறும் மூன்று மெஷின்களும் ஒன்றையொன்று ஒத்துப் பார்க்கும்படி கட்டளை எழுதி வைத்தான். பத்து நாளுக்குள் ஒரு ஞாயிறு வராமல் போகாதே! இரண்டாவதாக, மாதம் ஒரு நாள் ஒவ்வொருவர் முன்பணக் கணக்கையும் அச்சடித்துக் கொடுத்து, பிசகு இருந்தால் சொல்ல ஏற்பாடு செய்ய வேண்டும் என்று மானேஜரிடம் கேட்டான். அவர் யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். நான் அதற்கு ஆலை ஜமாபந்தி என்று பெயர் வைத்தேன்.

மறு நாள் மாலை சொன்னபடியே அந்த அம்மாள் வந்தாள். பணம் அடுத்த சம்பளத்தில் சேர்ந்து வரும் என்று பையன் சொன்னான். பிசகு தங்கள் பக்கம்தான் என்றும் சொன்னான். யந்திரத்தின் நியாயங்களை அவளுக்கு விளக்கப் பார்த்தான். கல் ஊன்றிய கதை வரைக்கும் போனான். அவள் பொறுமையாகக் கேட்டாள். முடிந்ததும் நோட்டுப் புத்தகத்தைப் பிரித்து, இரண்டு கோடு இழுத்த இடத்துக்குக் கீழே விரலை வைத்தாள்.

"சரிங்க சார். ஆயிரம் திரும்பி வரணும்னு இதிலே எழுதி ஒரு கையெழுத்துப் போட்டுக் கொடுத்திடுங்க" என்றாள்.

பையன் பேனாவைத் தேடினான். நான் என் பேனாவைக் கொடுத்தேன்.